அத்தானின் மலையும் சம்பந்தி வீட்டுச் சொம்பும்

எங்கள் ஊரில் நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது. மண்ணாங்கட்டியைத்தான் எடுத்து எறிய வேண்டும். அது நாயின் மேல் பட்டுத் தூளாகும், நாய் உடம்பை உதறிவிட்டு அங்கேயே நிற்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் எங்கே தோண்டினாலும் வண்டல், வண்டலுக்குக் கீழே மணல், மணலுக்குக் கீழே தண்ணீர். போர் போடுகிறவர்கள் பாறை தட்டிவிட்டது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளில் பாதியை ஒரு மலையின் வயிற்றுக்குள் கழித்துவிட்டு வந்தார். வந்ததும் அந்த மலையின் கதையை எழுதித் தரச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் என் அக்காவின் கணவர். நான் கூப்பிடுவது அத்தான்.

அத்தான் பாலிடெக்னிக் முடித்த கையோடு ராஜஸ்தானுக்கு ரயிலேறியவர். ஈயமும் வெள்ளியும் எடுக்கும் சுரங்கம். கீழே இறங்கிப் பாறையில் துண்டு வெட்டி வர வேண்டும். அதை இடித்து, மாவாக்கி, உருக்கி, இதில் ஈயம் எவ்வளவு வெள்ளி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. அவர் சொல்வதை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் எந்தப் பக்கம் குடைவது என்று முடிவு செய்வார்கள். ஓய்வு பெற்றதும் குடமுருட்டி ஆற்றங்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம். வந்த மறுவாரமே கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மடியில் போட்டார்.

"மச்சான், நீ எழுதுறவன். எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுது. அந்த ஜில்லாவுல வெள்ளியும் ஈயமும் எடுத்த கதை. ஆதியிலேர்ந்து."

"யாரு படிப்பா அத்தான்? நம்ம பக்கம் பூமியத் தோண்டுற பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். சண்டைக்கு வர்றவன் படிச்சுட்டு வருவான்ல?"

நான் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் எழுதுவேன், வரப்பில் நடந்துகொண்டே வாய்க்குள் எழுதுவேன், எழுதியதில் பாதியை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுவேன். வரிக்கு வரி ஈரம் வேண்டும் எனக்கு. அத்தானுக்கு வரிக்கு வரி காய்ந்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவோம். அக்கா காபி கொண்டுவந்து வைப்பாள். முதல் நாள் நான் எழுதிய முதல் வரியே நிற்கவில்லை. 'மலையின் மடியில் வெள்ளி உறங்கிக்கொண்டிருந்தது' என்று எழுதியிருந்தேன்.

"உறங்கலை. ஈயத்தோட கலந்து கெடந்துச்சு. தனியா வெள்ளின்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல. அடிச்சுடு."

அடித்தேன். இரண்டாம் பக்கத்தில் மலை அழுதது.

"மலை அழுவாது மச்சான். கசியும். கசிஞ்சா பம்ப் வைக்கணும். பம்ப்பைப் பத்தி எழுது."

"இவரு சொல்லி நீ எழுதுறதுக்கு, கரண்டு பில்லைப் பார்த்து எழுதலாம்டா," என்றாள் அக்கா, கீரை ஆய்ந்துகொண்டே.

ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல அந்த மலை எனக்குள் எழும்பத் தொடங்கியது. மழை குறைந்த நாடு. மக்காச்சோளமும் ஆடும்தான் பிழைப்பு. குன்றுகள் மொட்டையாக நிற்கும். அவை எப்போதும் மொட்டையாக இருந்தவை அல்ல, எரிந்தவை என்றார். வெடிமருந்து தெரியாத காலத்தில், பாறையின் மேல் விறகை அடுக்கி இரவு பகலாக எரிப்பார்களாம். பாறை பழுத்ததும் தண்ணீரை வீசுவார்கள். பாறை வெடிக்கும். விரிசலில் உளியை நுழைத்துப் பெயர்ப்பார்கள். அதில் வந்த கல்லை உருக்கவும் கரி வேண்டும். இப்படி ஒரு காடே, மரம் மரமாக, மலைக்குள் போய்ப் புகையாக வெளியே வந்தது. எந்த ராஜா, எந்தக் காலம் என்று கேட்டேன். "நெறைய பேர் நெறைய சொல்றாங்க. ரொம்ப ரொம்பப் பழசு. அவ்ளோதான் எனக்குத் தெரியும், அவ்ளோ மட்டும் எழுது" என்றார்.

புதுச் சுரங்கம் வெட்டும்போது சில சமயம் பழைய பொந்துகளுக்குள் போய் முட்டுமாம். கூரையில் அந்தப் பழைய தீயின் கரி அப்படியே அப்பியிருக்கும். ஒரே மரத்தை வெட்டிப் படி செதுக்கிய ஏணி, செல்லரிக்காமல் நிற்கும். ஒருமுறை மாடம்போல் குடைந்த இடத்தில் ஓர் அகல் இருந்ததைத் தாமே பார்த்திருக்கிறார்.

"நம்ம கார்த்திகை அகல் மாதிரியேதான் மச்சான். யாரோ வெச்சுட்டு மேல போயிருக்கான். திரும்பி வரலை."

இதற்குமேல் நான் எதைச் சேர்ப்பது? அப்படியே எழுதினேன். அத்தான் வாங்கிப் படித்துவிட்டு, "இன்னிக்குத்தான் ஒழுங்கா எழுதியிருக்கே" என்றார்.

பஞ்சமும் படையெடுப்பும் வந்தன, பொந்துகளில் தண்ணீர் ஏறியது, சுரங்கம் நின்றது. தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடுதான் மேய்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சுத்தியலும் வரைபடமுமாக வந்தவர்கள் பாறையைத் தட்டிக்கொண்டு திரியாமல் ஆடு மேய்க்கிறவர்களிடம் போய், உங்க ஆடு எங்க எங்க குழியில விழும் என்று கேட்டார்களாம். ஆடு விழுந்த இடமெல்லாம் பழைய சுரங்கத்தின் வாய். புதுச் சுரங்கம் அங்கேதான் பிறந்தது. இதைச் சொல்லும்போது அத்தான் சிரித்த சிரிப்பை எந்த வரியிலும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

வெள்ளியைப் பிரிப்பதைச் சொல்லும்போதுதான் அவர் என்னைப் போல ஆகிவிடுவார். எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணி. அதில் ஈயக் குண்டை வைத்து உலைக்குள் தள்ளுவார். ஈயம் உருகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலுக்குள் இறங்கும். "பூரா ஈயத்தையும் குடிச்சு முடிச்சுடும் அந்தச் சாம்பல். கடைசியில மேல ஒரு படலம், வானவில் மாதிரி ஓடும். சட்டுனு விலகும். அப்ப ஒரு மினுக்கு மினுக்கும் பாரு... கடுகளவு. அதான் வெள்ளி." சொல்லிவிட்டுக் கூச்சத்தோடு, "மினுக்குறதை எல்லாம் எழுதாதே. எடை எவ்வளவுன்னு மட்டும் எழுது" என்றார். நான் மினுக்கியதைத்தான் எழுதினேன்.

என் மகள் ஏழாம் மாதத்தில் சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்த சமயம் அது. எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு இது முதல் பிள்ளை. அத்தானுக்கும் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. கோடை விடுமுறை தவறாமல் அந்த மலையடிவாரக் குவார்ட்டர்ஸில் போய் வளர்ந்தவள் என் மகள். அவளை யார் பெற்றது என்பதில் அக்காவுக்கும் என் மனைவிக்கும் ஓயாத வழக்கு உண்டு.

வளைகாப்புக்கு எந்தப் புடவை என்று மகளோடு போனில் பேசிக்கொண்டே என் மனைவி ரசத்துக்கு ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஈயச்சொம்பில் வைக்காத ரசத்தை ரசம் என்று ஒப்புக்கொள்ளாத வீடுகள் இன்னும் உண்டு, எங்கள் வீடு அதில் ஒன்று. அந்தச் சொம்புக்கு ஒரே விதிதான். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே தீயைப் பற்றவைக்க வேண்டும். வெறும் சொம்பைச் சூடு காட்டினால் சொம்பு இருக்காது. அன்றைக்குப் பேச்சு மாம்பழக் கலரா மயில்கழுத்துக் கலரா என்று போய்க்கொண்டிருந்ததில், புளித்தண்ணீர் மேடையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் சொம்பின் இடுப்பு மடங்கி, வாய் சாய்ந்து, பர்னரைச் சுற்றிப் பளபளவென்று ஒரு குளம்.

"அய்யய்யோ!"

நோட்டோடு வந்திருந்த அத்தான் அடுப்படிக்கு ஓடினார். அவர் முகத்தில் இருந்தது கவலை இல்லை, பூரிப்பு. தீயை அணைத்து, ஆறவிட்டு, நாக்கைப்போல் நீண்டிருந்த ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து என் காதோரம் கொண்டுவந்து வளைத்தார். கறுக் கறுக் என்று சத்தம், காய்ந்த வைக்கோலை யாரோ மிதித்தது போல.

"கேட்டியா? சுத்தமான வெள்ளீயம். வளைச்சா சத்தம் போடும். எங்க மலைல வர்ற காரீயம் இருக்கே, அது எவ்வளவு வளைச்சாலும் வாயே திறக்காது."

"என் சொம்பு போச்சேன்னு நான் நிக்கிறேன். நீங்க அது பேசுது, இது பேசலைன்னு கதை சொல்றீங்களாண்ணே?" என்றாள் என் மனைவி.

செய்தி எங்களுக்கு முன்பே திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டது. மகளின் மாமியார் வீடு அங்கே. குத்தகை நிலமும் சொந்த நிலமுமாக நெல் விவசாயம். எங்கள் சம்பந்தியம்மா வாய்க்கால் கரையில் நின்று கூப்பிட்டால் மூன்று மடை தள்ளி நிற்கும் ஆள் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவு கணீரென்ற குரல், அதே அளவுக்குத் தாராளமான கை. வளைகாப்பன்று சீர்த்தட்டுகளுக்கு நடுவே புதுச் சொம்பு ஒன்றை எடுத்து என் மனைவி கையில் வைத்தார்.

"என்ன அண்ணி, சொம்பை உருக்கி ஊத்திட்டீங்களாமே? இந்தாங்க. போன வருஷம் வண்டியில கொண்டாந்தான் ஒருத்தன், ரெண்டு எடுத்தேன். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு மருமகளுக்குன்னு வெச்சிருந்தேன். இதையும் உருக்கிடாதீங்க. அப்புறம் பேரப்புள்ளைக்கு அரைஞாண்கூட உங்க அடுப்புலதான் வடிக்கணும்."

பந்தலே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு எது சாப்பிட்டாலும் நிற்கவில்லை, ரசத்தைத் தவிர. காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் சாதத்தோடு, சாயங்காலம் மிளகைத் தூக்கலாகப் போட்டு இன்னொரு டம்ளர். என் மனைவி ஒரு நாளுக்கு இரண்டு தடவை சொம்பை ஏற்றினாள், இரண்டு தடவையும் புளித்தண்ணீரை முதலில் ஊற்றினாள். "உங்க அத்தை குடுத்த சொம்புடி, ரசம் தேனா இருக்கு" என்று மாமியாருக்கும் சேர்த்துப் பெருமை. மகள் வந்து சேர்ந்த இரண்டு வாரமும் அத்தானும் அக்காவும் ஊரில் இல்லை. கண்புரை அறுவைக்கு மதுரை போனவர்கள் அங்கேயே உறவினர் வீட்டில் தங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்த மறுநாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. அத்தானுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி. "வில்லன் மாதிரி இருக்கீங்க மாமா" என்றாள் மகள். அவர் பொரியலை எடுக்க, மேசையில் நடுவே இருந்த சொம்பைக் கொஞ்சம் நகர்த்தினார். நகர்த்திய கை அங்கேயே நின்றது. முப்பது வருஷம் கல்லைத் தூக்கித் தூக்கி எடை சொன்ன கை அது. சொம்பை இரண்டு கையாலும் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சம்பந்தி வீட்டுச் சீர்ண்ணே" என்றாள் என் மனைவி.

"ரசத்தை வேற பாத்திரத்துல ஊத்து. ஒரு வெள்ளைப் பேப்பர் குடு."

சொம்பின் அடியைக் காகிதத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பென்சிலால் போட்டதுபோல் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. குறடு கேட்டார். சொம்பின் விளிம்பைக் குறடால் பிடித்து, எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் திருகினார். விளிம்பு வெண்ணெய்போல் வளைந்தது. சத்தமே வரவில்லை.

"எத்தனை நாளாம்மா இதுல குடிக்கிற?" என்று மகளைக் கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

"ரெண்டு வாரம் இருக்கும் மாமா. ஏன்?"

"இதுல காரீயம் கலந்திருக்கு. நெறையவே. உடம்புக்கு ஆகாது. வயித்துல இருக்குற புள்ளைக்குச் சுத்தமா ஆகாது. நாளைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். பயப்படாதே, ரெண்டு வாரம்தான்."

"சம்பந்தி வேணும்னேவா குடுத்திருப்பாங்க?" என்றாள் என் மனைவி, கண் கலங்கி.

"அவங்க வேணும்னு குடுக்கலைம்மா. ஆனா புளிக்கு அதெல்லாம் தெரியாது. இருக்குற ஈயத்தைக் கரைச்சுக் கொண்டாந்துடும்."

மறுநாள் கும்பகோணத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். பக்கத்து லேபில் ரத்தம் எடுத்தார்கள். இங்கே பார்க்க முடியாது, சென்னைக்கு அனுப்பி வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். திரும்பும் வழியெல்லாம் சாலையின் இரண்டு பக்கமும் குறுவை அறுப்பு. அறுவடை இயந்திரம் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு ஊர்ந்தது. காருக்குள் மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, குழந்தை உதைப்பதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் கேட்கவேண்டும் என்பதற்காகச் சொன்னாள்.

அந்த நாட்களில் நோட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தான் என்னைக் குடமுருட்டி மதகுப் பக்கம் நடக்கக் கூப்பிட்டார். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடியது. மதகின் மேல் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார்.

"சம்பந்தி வீட்டுல சொல்லிட்டியா?"

"ரிசல்ட் வரட்டும்னு பார்க்குறேன் அத்தான். சொன்னா பெரிய சண்டையாயிடும். மாப்பிள்ளைகூட இப்போதைக்கு வேணாம்னு..."

"அவங்க வீட்டுல இன்னொண்ணு இருக்குன்னு சொன்னாங்கல்ல? இன்னிக்கும் அதுலதான் ரசம் வெச்சிருப்பாங்க."

நான் போனை வெளியே எடுத்தேன். அந்தக் கணீர்க் குரலை நினைத்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அவர் மதகுத் திண்டில் விரலால் கோடு இழுத்தார். பிறகு, "நோட்டுல ஒண்ணு விட்டுப் போச்சு மச்சான்" என்றார். "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கல்லை இடிக்கிற ரூம்ல தூசி மேகமா நிக்கும். முகமூடி கெடையாது. அப்புறம் வருஷங்கழிச்சுத்தான் ரத்தம் எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. சுரங்கத்து கேட்டுலயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் அப்படியே வருவேன். சட்டை, தலை, மீசை எல்லாம் அந்தச் சாம்பல் தூசி. உங்க அக்காதான் தொவைப்பா. அப்ப அவளுக்கு ஆறாம் மாசம்."

அந்த ஆறாம் மாதத்தில் பிள்ளை கலைந்ததற்கு எங்கள் வீட்டில் பல காரணங்கள் உலவின. அந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை, வெயில் சேரவில்லை, அக்கா உடம்பில் ரத்தம் போதவில்லை. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. யாரும் மலையைச் சொன்னதில்லை.

"அதனாலதானா அத்தான்?"

"தெரியாது. யாரும் பார்க்கலை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"அக்காகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

தலையை ஆட்டினார். இல்லை என்று.

ஆறாம் நாள் காலை டாக்டரம்மாவே கூப்பிட்டார். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் பயப்படும்படி இல்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டீர்கள், இரும்பு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் விடாமல் சாப்பிடட்டும், அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம், குழந்தையின் வளர்ச்சி நன்றாக இருக்கிறது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள், "அப்போ எவர்சில்வர்ல வெச்சாவது ஒரு டம்ளர் ரசம் குடுங்கம்மா, ஆறு நாளா நாக்கு செத்துப் போச்சு" என்றாள்.

அந்த ரசம் கொதித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முருங்கைக்கீரைக் கட்டும் நாட்டுக்கோழி முட்டைக் கூடையுமாகச் சம்பந்தியம்மா. மருமகளுக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்.

"ரசம் ஏன் எவர்சில்வர்ல கொதிக்குது? என் சொம்பு எங்க அண்ணி?"

"வெளக்கப் போட்டிருக்கு அண்ணி" என்றாள் என் மனைவி.

அவர் கொல்லைக் குழாயடிக்குப் போய்ப் பார்த்தார். இல்லை. திரும்பி வந்தவர் கண்ணில், அரிசி டிரம்முக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்தது பட்டுவிட்டது. உருவி எடுத்தார். விளிம்பு குறடு பட்டுக் கோணிக் கிடந்தது.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிருக்கலாமே! அன்னிக்குப் பந்தல்ல நாலு பேரு சிரிச்சதுக்கு இதைப் போயி குறடு போட்டு முறுக்குவீங்களா? ஆசையா குடுத்தேனே, இதுக்கா குடுத்தேன்?"

வீதிக்கே கேட்டிருக்கும். நான் நடுவீட்டில் நின்றேன். மகள்தான் போன் செய்து அத்தானை வரவழைத்தாள். கறுப்புக் கண்ணாடியோடு அவரும், பின்னால் அக்காவும் வந்தார்கள். அவர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, கோட்டைக் காட்டி, சொம்பில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும், மருமகளின் ரத்தத்தில் என்ன வந்தது என்று எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

சம்பந்தியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே அண்ணே."

"ஆமாம்மா."

"அவருக்கு ஒரு வருஷமா வயித்து வலி. மன்னார்குடி, தஞ்சாவூருன்னு எத்தனை டாக்டரு... எல்லாரும் கேஸுன்னு மாத்திரை குடுத்தாங்க." சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "நாந்தாங்க. அந்த ஈயச்சொம்பைத் தொடாதீங்க. ரசத்தைக் கொட்டுங்க. முழுசும்தான். அட, காரணம் கெடக்கட்டும், முதல்ல கொட்டுங்க!" போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை நாளாண்ணே தெரியும்?"

"ஆறு நாளா."

"ஆறு நாள்" என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "எங் கையாலயே குடுத்தேனே. புள்ளைத்தாச்சிக்கு எங் கையாலயே..."

மகள் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல, பாருங்க, உள்ள குதிக்குது" என்று அவர் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அழுகை நிற்கவில்லை.

அத்தான் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "நீங்க தெரியாம செஞ்சீங்கம்மா. நானும் அப்படித்தான். இதே ஈயத்தைச் சட்டையில கொண்டாந்து என் வீட்டுல உதறுனவன் நான். அவளுக்கு ஆறாம் மாசம் அப்ப."

அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத்தான் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் உள்ளே போய் எல்லோருக்கும் காபி கலந்தாள். சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள், கடைசியில் அத்தானுக்கும் கொடுத்தாள், வழக்கம்போலச் சர்க்கரை இல்லாமல்.

மறுநாள் காலை திருத்துறைப்பூண்டியிலிருந்து சம்பந்தி வந்து சேர்ந்ததும், எல்லோருமாகக் கும்பகோணம் லேபுக்குப் போனோம். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. புடவை மாற்றிக்கொண்டு தானாக வந்து காரில் ஏறினாள். லேபில் சம்பந்தி இருவருக்கும் ரத்தம் எடுத்து முடித்ததும் அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"நீங்களும் அந்தப் பாத்திரத்துல சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள் ரத்தம் எடுக்கிற பெண்.

"இல்லம்மா. என்னோடது ரொம்பப் பழசு."

அத்தான் குனிந்து மெல்லச் சொன்னார். "இவ்வளவு வருஷம் கழிச்சு ரத்தத்துல சரியாத் தெரியாதும்மா. எலும்புல போய் ஒக்காந்துக்கும். இதுல ஒண்ணும் வராம போகலாம்."

"வராட்டி போகட்டும்."

"அப்புறம் எதுக்கு?"

பெண் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா ஊசியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். நெடுநாள் தலையில் சுமந்த எதையோ இறக்குவதற்கு இடம் பார்க்கிற முகம்.

"குவார்ட்டர்ஸ் பின்னாடி அடிபம்பு இருந்துச்சே. அங்கேர்ந்து ரெண்டு மாடிக்குத் தண்ணி தூக்குவேன். நீங்க வேணாம்னு சொல்லுவீங்க, நான் கேக்க மாட்டேன். அந்தக் கொடத்தைத் தூக்குனதாலதான் போச்சுன்னு, நான்தான் எம் புள்ளைய இறக்கிட்டேன்னு, இத்தனை வருஷமா நான் யார்கிட்டயும் சொல்லலீங்க."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மாதத்துக்குக் கழற்றக் கூடாது என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண், "கையை இறுக்கி மூடிக்குங்கம்மா" என்றாள். அக்கா மூடினாள். அந்த மூடிய கையின் மேல் அத்தான் தம் கையை வைத்தார். "சார், கொஞ்சம் எடுங்க, நரம்பு தெரியலை" என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.